மணல் கெடக் கூடாது

பாலைவனத்தில் புகைப்படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் நாள் பார்க்க வேண்டும். கேமராவையும் லென்ஸையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிலா எப்போது எழும், வெயில் எந்த மேட்டின் மேல் எப்போது சாயும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், இதெல்லாம் தெரிந்த பிறகுதான் வண்டிக்கு டீசல் போட வேண்டும். எங்கள் கடலோர ஊர் ஸ்வகோப்முண்டின் படக்காரர்களுக்கு இத்தனை வருடமாக நாள் பார்த்துக் கொடுத்தவள் நான். அதற்கு எனக்குக் கிடைத்த சன்மானம், "என்ன ரோஸ்விதா, ஒரு மேகம்கூட இல்லையே" என்ற முனகல்தான்.

லோதார் பிரெமர் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் நெக்வாயா. வெயிலில் செத்தான். அதை உங்கள் மருத்துவரே சொல்லிவிட்டார். அந்த வெயிலுக்கு நாள் பார்த்துக் கொடுத்தது யார் என்பதுதான் பாக்கி. அதைத்தான் சொல்லப் போகிறேன். வக்கீல் வேண்டாம். காப்பி இருந்தால் கொடுங்கள்.

லோதார் எங்கள் பழைய நண்பன். எங்கள் என்றால் எனக்கும் என் கணவர் ஹென்னிங்குக்கும். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். ஹென்னிங் வால்விஸ் பே துறைமுகத்தில் படகு இன்ஜின்களைப் பழுது பார்த்தார். அவருக்குப் படம் பிடிப்பதில் துளியும் ஆர்வம் கிடையாது. ஆனாலும் நாங்கள் எங்கே கிளம்பினாலும் வண்டி ஓட்ட வந்துவிடுவார். நாங்கள் மணல்மேட்டைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

"மீனாவது தூண்டிலைப் பிடிச்சு இழுக்கும். இது சும்மா கெடக்கு. ஓடியா போயிடும்? இதுக்கு ஏன் இப்படிக் குறி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

லோதார் பதிலுக்கு, "நீ போய் இறைச்சியைச் சுடுடா. கலையை எங்களுக்கு விட்டுடு" என்பான். இருவரும் சிரிப்பார்கள். அப்போதே எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஒரு மனிதன் உனக்கு வண்டி ஓட்டுகிறான், சமைத்துப் போடுகிறான், உன் முக்காலியைத் தூக்கி வருகிறான். அவனைப் பார்த்து எதற்கு அந்த இளக்காரம்.

சொசுஸ்ஃப்ளே பாலைவனத்தில் எல்லாருக்கும் தெரிந்த அந்த வறண்டு வெளுத்த களிமண் தரையும் கறுத்துச் செத்த மரங்களும் உங்களுக்குத் தெரியும். காலையில் அங்கே போனால் திருவிழாக் கூட்டம். ரப்பர் செருப்போடு மணல்மேட்டின் முதுகில் ஏறி, கையை விரித்து நின்று, தங்களையே படம் எடுத்துக்கொள்வார்கள். ராத்திரியெல்லாம் காற்று தடவித் தடவிச் சமன் செய்த மணலை ஒரே நிமிடத்தில் உழுதுவிடுவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் நாங்கள் இன்னும் உள்ளே போவோம். லாடம் போல வளைந்த ஒரு பெரிய மேடு இருக்கிறது. லாடத்தின் ஒரு கையில் நிழலுக்கு ஒற்றை மரம். எதிர்க் கையில் கேமரா வைக்க நல்ல இடம். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவடுகூட இல்லாத மணல் இறக்கம், அதன் அடியில் மூன்று செத்த மரங்கள். நேராகக் குறுக்கே நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் நேராக நடந்தால் மணல் கெட்டுவிடும், படம் போய்விடும். லாடத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனால் முழங்கால்வரை புதையும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அது தின்றுவிடும். படக்காரர்கள் யாரும் நேராக நடக்க மாட்டார்கள். இது எங்களுக்குள் எழுதாத சட்டம். உயிர் போகிற அவசரமாக இருந்தாலும் சுற்றித்தான் போவோம். உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஹென்னிங் அங்கே செத்தார். நானும் லோதாரும் கேமரா பக்கம் இருந்தோம். அவர் மரத்தடியில் அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். சாயங்கால வெளிச்சம் வருவதற்குள் எங்களுக்குச் சூடாக ஒரு வாய் காப்பி கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராக மணலில் இறங்கி நடந்தார். லோதார் "மணல், மணல்" என்று கத்தினான். ஹென்னிங் நின்றார். பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். பிறகு தன் தடத்திலேயே திரும்பிப் போய், வெளிப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். அவர் இதயம் அவ்வளவு மணலுக்குத் தாங்காது என்று யாருக்குத் தெரியும். வெளிச்சம் போன பிறகுதான் தேடிப் போனோம். மேட்டின் பின்புறம் குப்புறக் கிடந்தார். பிளாஸ்க்கில் காப்பி இன்னும் சூடாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் லோதாரை மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் அன்று சாயங்காலம் எடுத்த படத்தை வெளியே கொடுத்தான். படத்தின் இடது ஓரத்தில் சில கால்தடங்கள் இறங்கி வரும், நிற்கும், திரும்பிப் போகும். ஆளைக் காணோம். "திரும்புதல்" என்று பெயர் வைத்தான். ஹாம்புர்க்கில் பரிசு கொடுத்தார்கள். மனிதன் இயற்கைக்கு முன் பணிந்து பின்வாங்கும் தருணம் என்று எழுதினார்கள். நான் பணம் எடுக்கப் போகிற வங்கியில் அது சுவர் அகலத்துக்குத் தொங்கியது. ரொட்டிக் கடையில் நாட்காட்டியாகத் தொங்கியது. கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "உங்க சிநேகிதரோட படம் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றாள். என் புருஷனின் கடைசி நடை அது. நான் தலையாட்டிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் குப்பையில் போட்டேன்.

அப்படியும் ஏழு வருடம் பொறுத்தேன். போன குளிர்காலக் கடைசியில் லோதார் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, நான் செய்த ஆப்பிள் கேக்கைத் தின்றபடி புதுத் திட்டத்தைச் சொன்னான். அதே இடத்துக்கு இன்னொரு முறை போக வேண்டுமாம். அதே சட்டகம், அதே வெளிச்சம். பெர்லினில் கண்காட்சி.

"இந்தத் தடவை சுத்தமா எடுக்கணும் ரோஸ்விதா. பரிசு வாங்கிச்சுங்கிறது வேற. அந்தக் கால்தடம் எனக்கு எப்பவுமே கண்ணுல உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

"உறுத்துதா?" என்று கேட்டேன்.

"ஆமா. அது இல்லாம இருந்திருந்தா அது எப்படிப்பட்ட படம், யோசிச்சுப் பாரு. நீதான் நாள் பாத்துக் குடுக்கணும். உன்ன மாதிரி யாரு பாப்பாங்க?"

அவன் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தேன். க்ரீமும் ஊற்றினேன். பார்க்கிறேன் லோதார், நல்ல நாளாகப் பார்க்கிறேன் என்றேன்.

பிறகு ஒழுங்காகத் திட்டம் போட்டேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை, இதிலும் சொல்ல முடியாது. மே, ஜூன் மாதத்தில் போகலாம் என்றுதான் அவன் முதலில் சொன்னான். இங்கே அதுதான் குளிர்காலம், சுகமாக நடக்கலாம். வானம் வெறும் நீலத் துணியாக இருக்குமே என்றேன் நான்.

"ஜனவரியில போ. கிழக்கே இடிமேகம் மலை மலையா நிக்கும். பெர்லின்காரங்க மூச்சு விட மறந்துடுவாங்க."

"ஜனவரியிலயா? அந்த வெயில்ல என்னை வறுத்து எடுக்கப் பாக்கிறியா?"

"வயசாயிடுச்சுன்னா சொல்லு. பக்கத்துல கடற்கரையில போய் நாரையைப் படம் பிடிப்போம்."

அவனை எங்கே தொட்டால் எகிறுவான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஜனவரி என்று முடிவாயிற்று.

பெர்லினில் சுவர் உயரத்துக்குப் படம் போட வேண்டுமென்றால் அவனுடைய பழைய மரக் கேமராதான் சரி என்றும் சொன்னேன். தகடு தகடாக ஃபிலிம் போட்டு, கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்க்க வேண்டிய பெட்டி. அதைச் சுமந்தால் வேறு எதையும் சுமக்க முடியாது. தகடா தண்ணீரா என்று வந்தால் படக்காரன் தகடைத்தான் எடுப்பான். நம்பாவிட்டால் எங்கள் சங்கத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கூட வருகிறேன் என்ற இரண்டு பேரிடம், உள்ளே போக அனுமதி எங்கள் இருவருக்குத்தான் கிடைத்தது என்று பொய் சொன்னேன். இதில் நான் சொன்ன முதல் பொய் அது. அவனுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, உடம்பிலிருக்கிற நீரையெல்லாம் வெளியே தள்ளிவிடும். அன்று விடியுமுன் நாங்கள் தங்கியிருந்த முகாமிலிருந்து கிளம்பும்போது அதை மறக்காமல் போட்டானா என்று விசாரித்தேன். மறந்திருந்தான். எடுத்துக் கொடுத்தேன்.

"நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்" என்றான். மனப்பூர்வமாகத்தான் சொன்னான், பாவம்.

திட்டம் இதுதான். இருட்டு விலகும்போதே, குளிர் இருக்கும்போதே, அவன் கேமராவோடு வெளிப்பக்கமாகச் சுற்றி எதிர்க் கைக்குப் போய்விட வேண்டும். காலை வெளிச்சத்தில் ஒன்றிரண்டு தகடு. பிறகு கேமராவை அசைக்காமல் அங்கேயே இருந்து, மாலை வெளிச்சத்தில் அதே சட்டகம். நான் மரத்தடியில் தண்ணீரும் சாப்பாடுமாக இருப்பேன். வெயில் ஏறுவதற்குள் சுற்றி வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுப்பேன். அதனால் அவன் ஒரே ஒரு பாட்டிலைக் கொண்டு போனால் போதும். அங்கே கைப்பேசி வேலை செய்யாது. ஆளுக்கொரு கை ரேடியோ. இவ்வளவும் அவன் சம்மதித்ததுதான்.

நான் போகவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்பே அவன் ரேடியோவில் கூப்பிட்டான்.

"எங்க இருக்க? பாட்டில் காலியாகி ரொம்ப நேரமாச்சு."

"கால் பிசகிடுச்சு லோதார். ஊன்றவே முடியல. நீ வந்து எடுத்துக்கோ. நேரா இறங்கி வா, பத்து நிமிஷ நடைதான்."

எனக்கு அவன் நன்றாகத் தெரிந்தான். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, கீழே அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர்ப் பையை நிழலிலிருந்து எடுத்து, அவன் கண்ணில் படும்படி வெயிலில் வைத்தேன். நீல நிறப் பை. அங்கிருந்து பார்த்தால் தெரியும்.

"நேரா வந்தா சாயங்காலப் படம் போயிடுமே."

"அது உன் இஷ்டம். சுத்தியும் வரலாம்."

"இந்த வெயில்லயா?"

"அப்ப நேரா வா."

இதை நான் பலமுறை சொன்னேன், இன்ஸ்பெக்டர். மதியம் முழுக்கச் சொன்னேன். நேரா வா, லோதார். மணல்தானே, நாளைக்குக் காற்று அடித்தால் சரியாகிவிடும். பைத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்காதே. கெஞ்சுகிற குரலில்கூடச் சொன்னேன். யார் கேட்டாலும் நான் அவனைக் காப்பாற்றப் பார்த்தேன் என்றுதான் நினைப்பார்கள். தனக்கும் தன் உயிருக்கும் நடுவே ஒரு மணல் இறக்கம் மட்டும் இருக்கிறது, அதில் தன் கால்தடம் விழுந்தால் போதும். ஹென்னிங்கின் கால்தடம் கண்ணில் உறுத்துகிறதென்று சொன்னவன் தன் தடத்தை அதில் வைப்பானா இல்லையா என்று நான் பார்க்க நினைத்தேன். வைத்திருந்தால் தண்ணீரைக் கொடுத்திருப்பேன். வைக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அவன் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு முக்காலியின் காலடியில் உட்கார்ந்தான். கிழக்கே நான் சொன்னபடி மேகம் எழும்பியது. அவ்வளவு அழகான மேகத்தை நான் பார்த்ததில்லை. காற்று துளிகூட இல்லை. ரேடியோவில் அவன் நாக்கு குழற ஆரம்பித்தது. மேகம் நன்றாக இருக்கிறது என்றான். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றான். பிறகு சம்பந்தமில்லாமல் அழுதான்.

"ஹென்னிங்கிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசல ரோஸ்விதா. உனக்கே தெரியும்."

வெயில் தலைக்கேறினால் மனிதர்கள் இப்படித்தான் எதையாவது உளறுவார்கள். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன். அவன் எழுந்ததைப் பார்த்தேன். வெளிப்பக்கமாகத்தான் திரும்பினான், மேட்டின் பின்னால் சறுக்கி இறங்கினான். அப்போதும் நேராக வரவில்லை. நாலு அடி போயிருப்பான். அவன் தலை மேட்டுக்குப் பின்னால் மறைந்தது, மறுபடி தெரியவில்லை. நான் ரொட்டியும் உலர்ந்த இறைச்சியும் எடுத்துச் சாப்பிட்டேன். பசித்தது.

வெளிச்சம் சாய்ந்து முடிந்த பிறகு நேராக மணலில் இறங்கி நடந்தேன். நடுவில் நின்று, வேண்டுமென்றே நன்றாகக் காலைத் தேய்த்து நடந்தேன். அவன் தோளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தேன். பிறகுதான் என் சட்டைப்பையிலிருந்த செயற்கைக்கோள் போனை எடுத்து முகாமுக்குச் சொன்னேன். ஆமாம், அது காலையிலிருந்தே என் பையில்தான் இருந்தது.

நீங்கள் என்னை எப்படிப் பிடித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் நீங்கள் வந்தபோது மணல் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தது. மரத்தடியில் நான் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த குழி. வெயிலில் வைத்த பை. கால் பிசகியவள் நேராக, நொண்டாமல், நடந்து போன தடம். அதை நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம்" என்றீர்கள். "இவ்வளவு யோசிச்ச நீங்க, காத்தடிக்கிற நாளாப் பாத்திருந்தா எல்லாத் தடமும் அழிஞ்சிருக்குமே. எதுக்குக் காத்தே இல்லாத நாளாப் பாத்தீங்க?"

நானும் ராத்திரி லாக்கப்பில் இதைத்தான் யோசித்தேன். காற்றில்லாத நாளுக்காக நான் மூன்று வாரம் காத்திருந்தேன், இன்ஸ்பெக்டர். முதல் நாள் ராத்திரி காற்று அடித்துப் பழைய சுவடெல்லாம் அழிய வேண்டும், மறுநாள் ஓர் இலைகூட ஆடக் கூடாது. ஜனவரியில் அப்படி ஒரு நாள் கிடைப்பது லேசில்லை. கொலைக்கு அது தேவையே இல்லை. படத்துக்குத்தான் தேவை. காற்று அடித்தால் மணல் பறக்கும், மேட்டின் விளிம்பு மங்கிவிடும். அப்படி ஒரு நாளைப் பார்த்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. என்னைச் சிறையில் போடுகிறவர்கள் இதற்காகவும் சேர்த்துப் போடட்டும், நல்ல நாள் பார்த்ததற்காக.

வாக்குமூலம் முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் பேனாவை மூடாமல் இன்னொன்று கேட்டீர்கள்.

"ஆளுக்கொரு ரேடியோ எதுக்குன்னு பாக்க நேத்து நான் மறுபடி அந்த இடத்துக்குப் போயிருந்தேன் மேடம். கேமரா வெச்சிருந்த பக்கம் நின்னு, மரத்தடியில கான்ஸ்டபிளை நிக்க வெச்சுக் கத்திப் பாத்தேன். தொண்டை கிழியக் கத்தியும் அவருக்கு ஒண்ணும் கேக்கல. லோதார் கத்துனது உங்க வீட்டுக்காரருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

கேட்டிருக்காது. லோதார் கத்தியது என்னைப் பார்த்து. அவன் இரண்டு கையும் கேமராவில் இருந்தன, ரேடியோ என் கையில் இருந்தது, இன்னொன்று ஹென்னிங்கின் இடுப்பில். "சுத்தி வாங்க ஹென்னிங், மணல் கெட்டுடும்" என்று சொன்னது நான்தான். என் கேமராவும் அங்கேதான் நின்றது, அதே வெளிச்சத்துக்கு. அதில் என்ன இருக்கிறது. லோதார் சொல்லியிருந்தால் ஹென்னிங் சிரித்துவிட்டு நேராகவே நடந்து வந்திருப்பார். அவன் பேச்சை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. நான் சொன்னால் மட்டும்தான் கேட்பார், எதுவென்றாலும் கேட்பார். அது லோதாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் என்னைச் சொல்ல வைத்தான். என் புருஷனைக் கொன்றது யார் என்று இப்போதாவது உங்களுக்குப் புரிந்திருக்கும்.